தியேட்டரின் பக்கவாசல்

தியேட்டருக்குப் போன் போட்டு, வீல்சேர் உள்ளே வருமா என்று கேட்டேன். "அதெல்லாம் வரும் தம்பி, கூட்டிட்டு வாங்க, பாத்துக்கிடலாம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். எத்தனை படி, எந்த வாசல், கக்கூஸ் கதவு என்ன அகலம் என்று ஒரு தாளில் வரிசையாகக் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வியைத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டார்.

பாத்துக்கிடலாம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அத்தை மகள் கல்யாணத்துக்கு முன்பு மண்டபத்துக்காரரும் அதைத்தான் சொன்னார்.

அப்பா கொத்தனார். குழித்துறைப் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு அவரே ஆசைப்பட்டுத்தான் வந்தார். மண்டபத்து வாசலில் பன்னிரண்டு படி. நாலு பையன்மார் நாற்காலியோடு தூக்கினார்கள். பாதியில் ஒருவனுக்கு போன் அடித்தது. ஒரு கையை எடுத்தான். நாற்காலி சாய்ந்து, அப்பாவின் வேட்டி அவிழ்ந்து, பன்னீர் தெளிக்க நின்ற பெண்பிள்ளைகள் முன்னால் அவர் ஒரு பக்கமாகத் தொங்கினார். கீழே விழவில்லை. விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு எனக்குத் தோன்றியது. அன்று பந்தியில் அவர் இலையைத் தொடவில்லை. "இனி ஒருத்தனும் என்னெத் தூக்கப்பிடாது" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதன்பிறகு இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் வாசலைத் தாண்டவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டே, "நாகர்கோயில்ல அந்தப் பழைய தியேட்டர்ல ஒரு படம் பாக்கணும்டே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். என்ன படம், எதற்கு அந்தத் தியேட்டர் என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. இந்தத் தடவையும் யாராவது கையை விட்டால், இனி அவர் எதுவும் கேட்கவே மாட்டார்.

என்னுடைய வேலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். டிகிரி முடித்து, அரசுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, பூதப்பாண்டியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு டைப் செய்கிறேன். பட்டா மாறவில்லை, ரேஷன் கார்டில் பெயர் இல்லை, ஓடை அடைபட்டுக் கிடக்கிறது என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பேன். சொந்தக்காரர்களுக்கு நான் படித்ததில் கிடைத்த லாபம் இதுதான். முன்பெல்லாம் ஒரு தகராறு என்றால் நேரில் போய் நாலு வார்த்தை ஏசிவிட்டு வருவார்களாம். இப்போது யாரும் போவதில்லை. என்னிடம் வந்து, "ஒரு மனு தட்டி விடுடே மக்கா" என்பார்கள். தட்டி விடுவேன். நாள் முழுக்க அடுத்தவன் செய்த ஏமாற்றையே டைப் செய்துகொண்டிருந்தால் யாரைப் பார்த்தாலும் எங்கே பொய் சொல்கிறான் என்றுதான் மனசு தேடும். அம்மா வைக்கும் குழம்பில்கூட நீ உப்பைச் சந்தேகப்பட்டுத்தான் வாயில் வைக்கிறாய் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ஆகவே, சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிப் போவது என்று வைத்துக்கொண்டு, அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, அப்பாவின் வேலைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, தனியாக அந்தத் தியேட்டரைப் பார்க்கப் போனேன்.

ராஜா காலத்துக் கட்டடம். முதலில் நாடகக் கொட்டகையாக இருந்து பிறகு சினிமாவுக்கு மாறியது என்று சொல்வார்கள். முகப்பில் நாலு தடித்த தூண்கள், அவற்றுக்கு நேற்று அடித்ததுபோல் ரோஸ் கலர் பெயிண்ட். ஏழு கருங்கல் படிகள். ஒரு பக்கம் பெண்கள் டிக்கெட் எடுக்கக் குகை மாதிரி ஒரு நீளச் சந்து, ஆள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். சிவப்பு வாளிகளில் தீயணைக்க மணல் வைத்திருந்தார்கள். மணலில் பீடித் துண்டுகள்.

மேனேஜருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மை போட்ட தலைமுடி, இடுப்பில் சாவிக்கொத்து. போனில் பேசியவர் அவர்தான், குரல் தெரிந்தது. அப்பாவைக் கூட்டி வரவேண்டும், அதற்கு முன் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அவர் என் முகத்தை விட்டுவிட்டுக் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

உடனே உபசாரம் ஆரம்பித்தது. ஒரு டீ வந்தது. கூடவே ஒரு பழம்பொரி. கேட்காமலே ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினார். பால்கனி, மர நாற்காலிகளை எடுத்துவிட்டுப் போட்ட புதுக் குஷன் சீட்டு, கேன்டீன், குடிதண்ணீர்க் குழாய், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சிறிய அறை. குழந்தை அழுதால் வெளியே கேட்காது என்றார். எல்லாமே சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காததை எல்லாம் காட்டுகிறவன் கேட்டதைக் காட்ட மாட்டான் என்பது என் தொழிலில் நான் கற்றது.

"வீல்சேர் எதுவழியா வரும்?" என்று கேட்டேன்.

"பக்கவாசல் இருக்கு தம்பி. அன்னைக்குத் தொறந்து விடுவோம்."

கட்டடத்தின் இடது பக்கம் கூட்டிப் போனார். உயரமான இரட்டை மரக்கதவு ஒன்று பூட்டியிருந்தது. அதன்முன் பத்துப் பதினைந்து பைக்குகள் நெருக்கியடித்து நின்றன, அதனால் தரை எப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை. திறந்து காட்டுங்கள் என்றேன். சாவி ஆப்பரேட்டரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். காத்திருக்கிறேன் என்றேன். ஆப்பரேட்டர் வீடு தூரம் என்றார். அவர் இடுப்பில் இருந்த கொத்தில் எப்படியும் இருபது சாவி இருக்கும். நான் அதையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்து, கொத்தை மடியில் செருகிக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழி என்று ஒன்று கிடையாது. சனிக்கிழமை வந்து நின்றால் நாலு பையன்மாரைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். முன்படிகளை அளந்தேன். கக்கூஸ் கதவை அளந்தேன். பூட்டிய கதவைப் போட்டோ எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து, "எந்த ஆபீஸ்னு சொன்னிய தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆபீஸ் எல்லாம் இல்லை என்றேன். அதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம்பாவிட்டால் நல்லதுதான், கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் சென்டரைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு மனு அடித்தேன். நாகர்கோவிலில் உள்ள பழமையான திரையரங்கில் மாற்றுத்திறனாளிகள் செல்ல எந்த வழியும் இல்லை, இருப்பதாகப் பொய் சொல்லி மக்களை ஏமாற்றுகிறார்கள், நேரில் ஆய்வு செய்து தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். அடுத்தவர்களுக்காக நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எனக்காக எழுதியது அதுதான் முதல். நன்றாக வந்திருந்தது. 'ஏமாற்றுகிறார்கள்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டு, ஆன்லைனில் அனுப்பினேன். தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று மெசேஜ் வந்தது. அந்த மெசேஜ் வந்த பல மனுக்கள் என்ன ஆயின என்பது எனக்குத் தெரியும். அதனால் மறந்தும் போனேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததால் போவது ஒரு வாரம் தள்ளியது. நல்லதாகப் போயிற்று, இதற்கிடையில் அவருக்கு ஆசை விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டார். வேட்டி அவிழாமல் இருக்க அம்மா மேலே பெல்ட் கட்டிவிட்டாள். அவள் வரவில்லை. அவர் போகிறபடி போகட்டும், நான் நின்றால் அழுதுவிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஆட்டோவில் நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு போய் இறங்கினோம். மத்தியானக் காட்சிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து நேராகப் பக்கவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். போகும்போதே, வழி இல்லையென்றால் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

பைக்குகள் இல்லை. அவை நின்ற இடத்தில் கருங்கல் பாவிய ஒரு சரிவு, தரையிலிருந்து கதவு வரைக்கும், மாட்டு வண்டி ஏறும் அகலத்தில், ஒரு குழந்தைகூடத் தள்ளிவிடலாம் என்கிற மாதிரி மெல்ல ஏறிப் போனது. அதன் உச்சியில் அந்த இரட்டைக் கதவு. பூட்டைச் சுற்றித் துணி கட்டி, அரக்கு உருக்கி வைத்து, ஒரு தாள் ஒட்டியிருந்தது.

அப்பா சரிவைப் பார்த்தார். "நல்ல வேலை" என்றார்.

மேனேஜர் எங்கிருந்தோ ஓடிவந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். "நெசமாவே அப்பாவெக் கூட்டிட்டுத்தான் வந்தியளா" என்றார். அன்றைக்கு நான் டேப்பும் போட்டோவுமாக நின்றதைப் பார்த்து ஏதோ ஆபீஸ் ஆள் வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்றே நினைத்தாராம். சாவி அவர் மடியில்தான் இருந்ததாம். நாடகக் காலத்தில் சீன் படுதாக்களை வண்டியோடு உள்ளே கொண்டுபோக வைத்த வாசல் அது. திரைக்குப் பின்னால் போய், ஸ்பீக்கருக்குப் பக்கமாகச் சுற்றி, முதல் வரிசைக்கு முன்னால் கொண்டுவிடும். சினிமாவாக்கியபோது போட்ட பிளானில் அந்த வாசலைக் காட்டவில்லை. அதனால் ஆபீஸ் ஆளுக்குக் காட்டப் பயம். மற்றபடி வீல்சேரில் வருகிற இரண்டு மூன்று பேருக்குப் பல வருஷமாக அதைத்தான் திறந்து விடுகிறாராம்.

"இப்பம் எவனோ மனு போட்டிருக்கான் அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொன்னார். "வழியே இல்ல, பொய் சொல்லுகாவன்னு. ஆபீசர்மாரு வந்தாவ. வழி இருக்குன்னு காட்டத்தான் நான் தொறந்தேன். இந்த வழி பிளான்ல இல்லன்னு சீல் வச்சிட்டுப் போயிட்டாவ."

யார் போட்டது என்று அப்பா கேட்டார். பேர் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்களாம். புதிதாக வந்த மால் தியேட்டர்க்காரன் வேலையாகத்தான் இருக்கும், அவனுக்குத்தான் நம் மேல் கண் என்றார் மேனேஜர். நான் அந்த அரக்கு முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைப் பார்ப்பது பிடரியில் தெரிந்தது.

முன்வாசல் வழியாகக் கொண்டுபோகலாம், ஆள் இருக்கிறார்கள், நாலு பேர் தூக்கினால் ஒரு நிமிஷம் என்றார் மேனேஜர். அப்பாவின் கை இரண்டும் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்து இறுகின. "தூக்காண்டாம்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் ஆட்டோக்காரருக்குப் போன் போடப் போனை எடுத்தேன். செய்ததெல்லாம் செய்துவிட்டு இனி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

"முன்படி எத்தர உயரம்?" என்று கேட்டார் அப்பா.

அவர் என்னைத்தான் கேட்டார் என்பது புரியச் சற்று நேரமாயிற்று. ஐந்தரை அங்குலம் என்றேன். அகலம்? பதினாலு. எத்தனை படி? ஏழு.

"அப்பம் தூக்குவானேன், இழுத்தாப் போதும்லா. சேரைத் திருப்பு. நீ மேல நின்னு பின்கைப்பிடியெ இழு. கீழ ஒரு ஆளு முன்கம்பியெத் தாங்கினாச் செரி. சக்கரம் கல்லெ விட்டுப் பொங்கி எழும்பப்பிடாது." சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்தார். "கீழ நீங்க நில்லுங்க."

டிக்கெட் கிழிக்கும் ஆள் திடகாத்திரமாக இருந்தார், அவர் நிற்கட்டும் என்றேன். உண்மையில் மேனேஜரின் கையில் அப்பாவைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் வாசலை அடைத்தது யார் என்பது எனக்குத் தெரியும். அப்பா கேட்கவில்லை. மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குனிந்தார்.

படிகளில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். சிலர் போனை எடுப்பதுபோல் இருந்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடி, முதுகு படிப்பக்கமாக உட்கார்ந்திருந்தார். "ம்" என்றார். இழுத்தேன். ஒரு படி ஏறியது. "நிறுத்து. ம்." இரண்டாவது. நிலைக்கல் ஏற்றும்போது கையாட்களுக்குச் சொல்வாரே, அதே குரல். சத்தமில்லை, அவசரமும் இல்லை. மூன்றாவது. நான்காவது படியில் சக்கரம் பாதி ஏறி நின்றபோது, "நிறுத்து" என்றார். நிறுத்தினோம். பாரம் பாதி என் கையில், பாதி மேனேஜர் கையில்.

"அந்த மனு எழுதுனது எம்மவனாக்கும்" என்றார் அப்பா.

நான் மேனேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். முன்கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. வலதுகைக் கட்டைவிரல் ஒருமுறை அசைந்தது. மண்டபத்தில் அந்தப் பையனின் கையும் முதலில் இப்படித்தான் அசைந்தது. நான் கைப்பிடியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். இவர் விட்டால் முழுப் பாரமும் என்னால் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டேன். முடியாது.

கட்டைவிரல் கம்பியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இறுகியது.

"மூணு படி கெடக்கு அண்ணாச்சி" என்றார் மேனேஜர், தலையைத் தூக்காமலே.

"ம்" என்றார் அப்பா.

மேலே ஏறியதும் மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டார். கடைசி வரிசையில் ஒரு சீட்டைக் கழற்றி இடம் செய்திருந்தார்கள். அது எப்போது கழற்றியது, எங்களுக்காகவா என்று கேட்க ஆளில்லை. படம் ஓடியது. என்ன படம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மேனேஜர் எப்போது வந்து சட்டையைப் பிடிப்பார் என்று கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில், எதற்கு அந்த நேரத்தில் சொன்னீர்கள் என்று அப்பாவின் காதில் கேட்டேன். "கீழ நிக்கும்போ சொல்லியிருந்தா அவன் ஒன்னெ அடிச்சிருப்பாம்லா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இடைவேளையில் கக்கூசுக்குப் போனோம். கதவு இருபத்தாறு அங்குலம், நாற்காலி இருபத்தைந்து. உரசாமல் போயிற்று.

படம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மேனேஜர் டிக்கெட் கவுன்டரிலிருந்து கூப்பிட்டார். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருந்தார். நீ அடைத்த வாசலை நீதான் திறக்க வேண்டும், எழுது என்றார். எழுதினேன். மேற்படி திரையரங்கில் சக்கர நாற்காலி செல்லும் சரிவுப்பாதை உள்ளது, அது தெரியாமல் மனுச் செய்துவிட்டேன், அப்பாதையைப் பிளானில் சேர்க்க நிர்வாகம் விண்ணப்பித்தால் விரைந்து அனுமதிக்க வேண்டும். அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். 'விண்ணப்பித்தால்' என்பதில் ஏதும் கெணி இருக்கிறதா, பிறகு தன்னை மாட்டிவிடுமா என்று கேட்டார். இல்லை என்றேன். 'விண்ணப்பிப்பதால்' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். தாளைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் என்னிடம் கொடுத்தார். நான் அனுப்புவேன் என்று அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பா அதற்குள் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு, முகப்பில் ஒட்டியிருந்த அடுத்த படத்தின் போஸ்டரைப் பார்க்கப் போயிருந்தார். இது என்னைக்கு வருது என்று டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறங்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவது மோசம். அப்பா ரோட்டைப் பார்த்து இருப்பார், மேலே கைப்பிடி என் கையில், கீழே நிற்பவர் மேல்தான் எல்லாம் வந்து விழும். டிக்கெட் கிழிப்பவர் வரட்டுமா என்றார். மேனேஜர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படிக்குக் கீழே போய் நின்றார். கம்பியைப் பிடித்தார். உடனே இறக்கச் சொல்லவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலாக என் கைகளைப் பார்த்தார்.

"தம்பி, கெட்டியாப் பிடிச்சிருக்கியா?"

பிடிச்சிருக்கேன் என்றேன். ஒரு படி இறங்கியது. நின்றார். மறுபடியும் என் கையைப் பார்த்து அதையே கேட்டார். பிடிச்சிருக்கேன் என்றேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, தோள் குலுங்கியது. மேனேஜர் சிரிக்கவில்லை. ஏழு படிக்கும் ஏழு தடவை கேட்டார். ஏழு தடவையும் பதில் சொன்னேன்.